பக்கத்தைத் திருப்ப வைக்கும் கதை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒரு சிறுமி கடற்கரையில் வலை, கருவாடு, வள்ளம், பாம்பன் பாலம் எல்லாம் பார்த்துவிட்டு வீடு திரும்புவதாகப் படப் புத்தகம் எழுதினேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாதியிலேயே எழுந்துவிடுகிறார்கள். ஏன்?
– ஓர் ஆசிரியை, மண்டபம்

பதில்: கருவாட்டுப் பக்கத்தையும் வலைப் பக்கத்தையும் இடம் மாற்றிப் பாருங்கள். கதைக்கு ஒன்றும் ஆகாது. குறை அதுதான். இந்தப் பக்கத்தில் நடந்ததால்தான் அடுத்த பக்கத்தில் இது நடக்கிறது என்ற பிடிப்பு இல்லாவிட்டால், எவ்வளவு அழகாக வர்ணித்தாலும் பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள்.

சிறுமிக்கு ஒரு வேலை கொடுங்கள். அப்பா கடலுக்குக் கிளம்புமுன் சோற்றுத் தூக்குவாளியை அவரிடம் சேர்க்க வேண்டும். வழக்கம்போல வடகடல் கரைக்கு ஓடுகிறாள், வள்ளத்தைக் காணோம். காரணத்தை உங்கள் ஊரே தருகிறது. வாடைக்காற்று பிடித்தால் வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் அலை எழும்; தெற்கே மன்னார் வளைகுடா அடங்கிக் கிடக்கும்; வள்ளங்கள் தென்கடலுக்கு மாறும். இரண்டு கரையும் நடக்கிற தூரம்தான்.

வலை பின்னும் தாத்தாவிடம் கேட்கிறாள், அவருக்குத் தெரியவில்லை. மணலில் வள்ளம் இழுத்த தடத்தைப் பின்தொடர்கிறாள். அது வேறு யாருடையதோ. மூன்றாவதாக, பனை ஓலைகள் ஒரே பக்கமாகச் சாய்வதைக் கவனிக்கிறாள். “வாடை வந்தா வடகடல் ஆடும், தென்கடல் தூங்கும்” என்று காலையில் பாட்டி சொன்னது நினைவுக்கு வருகிறது. அந்த வரியை இரண்டாம் விரிப்பிலேயே (எதிரெதிர் இரண்டு பக்கம் சேர்ந்தது ஒரு விரிப்பு) வைத்துவிடுங்கள். இல்லையென்றால் முடிவு ஒட்டாது. பாட்டியே ஓடிவந்து “தெற்கே போடி” என்று சொல்லக் கூடாது. நல்ல கதைகள் பலவும் சறுக்குவது இங்கேதான்: இக்கட்டான நேரத்தில் பெரியவர் ஒருவர் வந்து காரியத்தை முடித்துவிடுகிறார். வழியைக் கண்டுபிடிக்க வேண்டியது சிறுமி.

கேள்வி: பக்கம், சொல் கணக்கு ஏதும் உண்டா?
– ஒரு தாய், கீழக்கரை

பதில்: 32 பக்கம் வழக்கம், அச்சகத்தில் 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சடித்து மடிக்கும் பக்கத் தொகுப்பு) இரண்டு. தலைப்பு, பதிப்பு விவரம் போகக் கதைக்கு 12 முதல் 14 விரிப்புகள் கிடைக்கும். நான்கு வயதுக்கு விரிப்புக்கு இரண்டு மூன்று சிறு வாக்கியம் போதும். மொத்தம் 300 சொல்லைத் தாண்டினால் வெட்டத் தொடங்குங்கள்.

எட்டு ஏ4 தாள்களை ஒன்றாக மடித்து நடுவில் தைத்தால் 32 பக்க மாதிரி தயார். அதில் பென்சிலால் கதையை எழுதிப் பார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். மேலே சொன்ன சிறுமி கதையில் “கரைக்கு வந்தாள், எட்டிப் பார்த்தாள்” என்பது வலப்பக்கத்தின் கடைசி வரியாக வர வேண்டும். வெறுங்கரை தாளைத் திருப்பிய பிறகே தெரிய வேண்டும். இரண்டும் ஒரே விரிப்பில் இருந்தால், நீங்கள் வாசித்து முடிக்குமுன் பிள்ளையின் கண் படத்துக்குப் போய்விடும். சிக்கல் நான்காம் விரிப்புக்குள் தொடங்கட்டும். தூக்குவாளி அப்பா கைக்குப் போன பின் ஒரே ஒரு விரிப்புதான் மிச்சம் இருக்கலாம்.

கேள்வி: ஓவியருக்குப் புரிய எல்லாவற்றையும் எழுத வேண்டுமா?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: படத்தில் தெரிவதைக் கதையில் சொல்லாதீர்கள். ஓலை சாய்வதைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். முதல் விரிப்பிலிருந்தே படத்தில் சாய்ந்திருக்கட்டும். சிறுமிக்கு முன்பே கேட்கிற பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிட்டால் உங்களுக்கு வெற்றி. ஓவியருக்கான குறிப்பைத் தனித்தாளில் எழுதுங்கள்: வடக்கு இடப்புறம், தெற்கு வலப்புறம், கடைசிவரை மாறக் கூடாது. ஒரு படத்தில் ஓலை திசை மாறினாலும் கதை உடையும். வள்ளத்துக்கும் விசைப்படகுக்கும் வேறுபாடு தெரியப் புகைப்படமும் இணையுங்கள்.

கேள்வி: ஆவுளியா (கடற்பசு) பேசுவதாக எழுதலாமா?
– ஒரு கல்லூரி மாணவர், தேவிபட்டினம்

பதில்: தாராளமாக. ஆனால் அதன் இயல்பை மாற்றாதீர்கள். கடற்பசு பாலூட்டி, கடற்புல் மேயும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்க மேலே வந்தே தீர வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சு முட்டிச் சாகும். அதன் கன்று வலையில் மாட்டுவதாக வைத்தால், அந்த விரிப்பிலிருந்தே நேரம் ஓடத் தொடங்கும். தனியாக வில்லன் தேவையில்லை. மீனைப்போல நீருக்கடியிலேயே அது மூச்சுவிட்டால் இந்த அவசரம் கதையில் இருக்காது.