விடைக்கு முன்னால் 5 விநாடி விடுங்கள்

பாடத்தை உங்கள் குரலிலேயே பதிவு செய்து தினமும் கேட்கிறீர்கள், கேட்கும்போது எல்லாம் தெரிகிறது, தேர்வில் மட்டும் வருவதில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படித்த முதல் வருடம் எனக்கும் இதேதான் நடந்தது.

அவிநாசியிலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைக்கும், புத்தகத்தைப் பிரிக்க வழியில்லை. அதனால் அரசியலமைப்புப் பாடத்தை வரி விடாமல் வாசித்துப் போனில் பதிவு செய்து, போகும்போதும் வரும்போதும் கேட்டேன். மாதிரித் தேர்வில் கட்சித் தாவல் தடைச் சட்டம் அரசியலமைப்பின் எந்த அட்டவணை (கடைசியில் இணைத்திருக்கும் பட்டியல்) என்று ஒரு கேள்வி. அந்த வரியை நான் வாசித்த குரல்கூட ஞாபகம் வந்தது. எண் வரவில்லை. அன்று ராத்திரி அழுதேன்.

காதுக்குப் பழகிப்போனதை மனப்பாடம் ஆகிவிட்டது என்று நம்பியதுதான் தவறு. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோதோ, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள்.

அதன்பிறகு பழைய பதிவுகளை எல்லாம் அழித்துவிட்டுக் கேள்வியாகவே பதிவு செய்தேன். "தீண்டாமை ஒழிப்பு எந்தப் பிரிவு?" என்று கேட்டுவிட்டு 5 விநாடி பேசாமல் இருப்பேன். பிறகு "பிரிவு 17". அந்த 5 விநாடிக்குள் வாயசைத்தாவது விடையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பதிவில் 30 கேள்வி, எட்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒருநாள் பக்கத்து சீட்டு அம்மா, "யாருகிட்ட கண்ணு பேசற?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் இறங்கும்வரை என்னைப் பேச்சுக்கு இழுக்கவே இல்லை. அந்த அம்மாவை இன்றும் நினைத்துக்கொள்வேன்.

ஒரே பதிவைத் தினமும் கேட்காதீர்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், மூன்று வாரம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். தப்பாகச் சொன்னவற்றை மட்டும் தனிப் பதிவாக்கி மறுநாளே கேளுங்கள்.

வரிசையாக நினைவில் வைக்க வேண்டியவற்றுக்குக் காது போதாது, இடம் வேண்டும். 12 அட்டவணைகளையும் எங்கள் வீட்டுக்குள் வரிசையாக வைத்தேன். வாசல் கதவில் இந்திய வரைபடம்: முதல் அட்டவணை, மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும். திண்ணையில் ஒருவர் சம்பளக் கவரைப் பிரித்து எண்ணுகிறார்: இரண்டாவது, குடியரசுத் தலைவர் போன்றவர்களின் சம்பளம். நிலைப்படியைத் தொட்டுச் சத்தியம் செய்கிறார்கள்: மூன்றாவது, பதவிப் பிரமாணம். இப்படியே உள்ளே போனால் எட்டாவது இடம் அடுப்படி. அங்கே 22 டம்ளர், ஒவ்வொன்றிலும் ஒரு மொழி. பத்தாவது கொல்லைப்புற மதில். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் அதைத் தாவிக் குதிக்கிறார், வேட்டி ஆணியில் மாட்டிக் கிழிகிறது. கட்சித் தாவல்! அதன்பிறகு அந்த எண் எனக்கு மறந்ததே இல்லை. படம் உங்கள் வீட்டில், உங்கள் மனதில் தோன்றியதாக இருக்க வேண்டும்; என்னுடையதைக் கடன் வாங்கினால் ஒட்டாது.

இன்னொன்று நம் அந்தாதியிலிருந்து எடுத்துக்கொண்டது. ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்குவதால்தான் நூறு பாட்டையும் வரிசை மாறாமல் சொல்ல முடிகிறது. அதேபோல ஒரு பதிவின் கடைசி விடையை வைத்தே அடுத்த பதிவின் முதல் கேள்வியை அமைத்தேன். ஒன்று முடியும்போதே அடுத்தது தானாக வாய்க்கு வந்தது.

கணக்குப் பகுதியின் 25 கேள்விகளுக்கு மட்டும் இது எதுவும் உதவாது. அதற்கு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, பேப்பரில் போட்டுத்தான் பழக வேண்டும்.