சோபா நின்ற இடத்தில் கார்பெட் அமுங்கிக் கிடக்கிறது, படம் போட்டிருக்கிறேன். கார்பெட் ரேக் (இழையை வாரி நிமிர்த்தும், பல் வைத்த வாருகோல்) வாங்கி வாரினால் எழுமா?

பெரும்பாலும் எழும். ஆனால் ரேக் வாங்கக் கிளம்புவதற்கு முன் உங்கள் கார்பெட் என்ன இழை என்று பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் இறங்கித்தான் கையைச் சுட்டுக்கொண்டேன்.

இங்கிலாந்தில் நான் இருந்த வாடகை வீட்டில் மாடிப்படி உட்பட எல்லா இடத்திலும் கார்பெட். நாலு வருஷம் கழித்து காலி செய்யும்போது சோபாவை நகர்த்தினால், பணியாரக் கல் மாதிரி நாலு குழி. ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, ஈரத்துண்டை விரித்து மேலே அயர்ன் பாக்ஸை வைத்து அழுத்தினேன். மூன்று குழி அரைகுறையாக எழுந்தது, நாலாவதில் துண்டு விலகியதைக் கவனிக்கவில்லை, ஒரு நொடிதான், இழை உருகிப் பளபளவென்று ஒரு திட்டு. அது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை. சுமார் 160 டிகிரியிலேயே உருகிவிடும், அயர்ன் பாக்ஸில் காட்டனுக்கு வைக்கும் சூடு 200ஐத் தொடும். குழியோடு விட்டிருந்தால் புழக்கத்தில் வந்த தேய்மானம் என்று வாதாடியிருக்கலாம். உருகின திட்டுக்கு என்ன சொல்ல முடியும்? டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார்கள்.

இழையைக் கண்டுபிடிப்பது எளிது. அலமாரிக்குள் யார் கண்ணிலும் படாத மூலையில் ஒரு சின்ன இணுக்கு வெட்டி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்ட தண்ணீரில் போட்டு நன்றாக அமுக்குங்கள். திரும்ப மிதந்தால் பாலிப்ரொப்பிலீன். மூழ்கினால் நைலான், பாலியஸ்டர், கம்பளி இவற்றில் ஒன்று. இன்னொரு இணுக்கை இடுக்கியில் பிடித்து சிங்க் மேலே கொளுத்துங்கள்: முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் செயற்கை இழை.

கம்பளிக்கு ஐஸ்தான் சுகம். குழி நிறைய ஐஸ் கட்டியை வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். கம்பளி ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தன் பழைய சுருளுக்குத் திரும்பப் பார்க்கும், காலையில் துண்டால் ஒற்றிவிட்டு ஸ்பூன் விளிம்பால் கிளறிவிட்டால் போதும். நைலானுக்கு ஆவி பிடிக்கும்: ஸ்டீம் அயர்னைத் தொடாமல் ஓரிரு அங்குலம் மேலே பிடித்து, சூடு ஆறுவதற்குள் விரலால் நிமிர்த்துங்கள். பாலியஸ்டர் கொஞ்சம் எழும், பழையபடி ஆகாது. பாலிப்ரொப்பிலீன் ஈரத்தை இழுக்காது, சூடும் தாங்காது, அதற்கு விரலும் பொறுமையும் மட்டும்தான். பட்டு மாதிரி மின்னும் விஸ்கோஸ் விரிப்பாக இருந்தால் தண்ணீரே காட்டாதீர்கள், மஞ்சள் பூத்துவிடும்.

அப்புறம், விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். சில நேரம் இழை நிமிர்ந்துதான் இருக்கும், கார்பெட்டுக்கு அடியில் விரித்திருக்கும் மெத்தை (அண்டர்லே) நசுங்கியிருக்கும். மேலே எவ்வளவு வாரினாலும் அது எழாது.

சரி, ரேக் எதற்குத்தான்? நடந்து நடந்து படிந்துபோன ஹால், வராந்தா, டிவி முன்னால் உள்ள இடம், அதற்கெல்லாம் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் முதலில் சுழலும் பிரஷ் உள்ள வேக்யூம் கிளீனரை மெதுவாக, இரண்டு மூன்று திசையில் ஓட்டுங்கள். இழை படிவதற்குப் பாதிக் காரணம் மண்ணும் பிசுக்கும்தான், அதை எடுக்காமல் ரேக் போடுவது எண்ணெய்த் தலையைச் சிக்கெடுப்பது மாதிரி. பிறகு இழை சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராக, சின்னச் சின்ன இழுப்பாக வாருங்கள், மொத்தமாக அழுத்தி இழுக்க வேண்டாம். நாய்முடி எடுக்கும் ரப்பர் துடைப்பத்தை ரேக் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், அது முடியைத் திரட்டும், ஆழமாகப் படிந்த இழையை நிமிர்த்தாது.

ஆனால் இதெல்லாம் நுனி வெட்டிய இழைக்குத்தான். நீங்கள் போட்டிருக்கும் படத்தில் இழை வளையம் வளையமாக இருப்பதுபோல் தெரிகிறது. கிட்டப் போய்ப் பாருங்கள். வளையமாகவே இருந்தால் ரேக் பக்கமே போகாதீர்கள், ஒரு பல் மாட்டினால் ஸ்வெட்டர் நூல் பிரிகிற மாதிரி வரிசையாக உருவிக்கொண்டு வரும். அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, இழை கம்பளி என்றால் இன்றைக்கு ராத்திரி ஐஸ் வையுங்கள்.