ஊறுகாய் கொட்டிய பட்டுப்புடவைக்குக் கப்பல் கம்பெனி காசு தருமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 62, ஊர் திருச்சி. மகள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள். அவள் அங்கேயே டிக்கெட் போட, நாங்கள் எல்லோரும் பார்சிலோனாவில் கப்பல் ஏறி, ஏழு இரவு மத்தியதரைக் கடலைச் சுற்றிவிட்டு அங்கேயே இறங்கினோம். கடைசி ராத்திரி பெட்டியைக் கேபின் வாசலில் வைத்துவிடச் சொன்னார்கள், வைத்தோம். காலையில் டெர்மினலில் எடுத்தால் ஒரு மூலை விரிசல், ஒரு சக்கரத்தைக் காணோம். விமானத்துக்கு நேரமாகிவிட்டது, அப்படியே இழுத்துக்கொண்டு ஓடினோம். மகள் வீட்டில் திறந்தபோதுதான் ஆவக்காய் பாட்டில் உடைந்திருந்தது தெரிந்தது. கப்பலில் கேலா நைட் விருந்துக்குக் கட்டிய 24,000 ரூபாய் காஞ்சிபுரம் பட்டு முழுக்க எண்ணெய். பெட்டி மூன்று வருஷத்துக்கு முன் 6,800 ரூபாய்க்கு வாங்கியது. நம் ஊர் இன்ஷூரன்ஸ் கம்பெனி ‘டேமேஜுக்குக் கவர் இல்லை’ என்கிறது. கப்பல் கம்பெனியிடம் கேட்கலாமா? டிசம்பரில் உறவினர்களோடு ஏழு பேர் சிங்கப்பூரிலிருந்து இன்னொரு கப்பலில் போகிறோம். டிராவல் ஏஜென்ட் தலைக்கு 1,450 ரூபாயில் பெட்டிப் பாதுகாப்புத் திட்டம் எடுக்கச் சொல்கிறார். எடுக்கவா?

பதில்: உங்கள் மெயிலில் இருந்த தேதியைப் பார்த்ததும், இந்தப் பத்தி வெளிவரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே இரண்டு வரி எழுதி அனுப்பினேன். நீங்கள் கப்பலிலிருந்து இறங்கி அப்போது 11 நாள் ஆகியிருந்தது. கப்பல் கம்பெனிக்குப் புகார் தர 15 நாள் என்று ஒரு கெடு இருக்கிறது. மகள் அன்று மாலையே புகார் அனுப்பிவிட்டதாகப் பதில் போட்டிருந்தீர்கள். நல்லது. மீதியை இப்போது விரிவாகச் சொல்கிறேன்.

கப்பலில் பெட்டிக்கு என்ன ஆனாலும் கேட்க நாதியில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விமானத்துக்கு மான்ட்ரியல் ஒப்பந்தம் இருப்பதுபோல, கடல் பயணிகளுக்கும் அவர்கள் சாமான்களுக்கும் ஏதென்ஸ் ஒப்பந்தம் இருக்கிறது. 1974-ல் வந்தது, 2002-ல் திருத்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தன் சட்டமாகவே ஆக்கி, 2012 டிசம்பர் 31 முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது. டிக்கெட் போட்டது ஜெர்மனியில், ஏறி இறங்கியது ஸ்பெயினில். அதனால் உங்கள் பயணம் அதற்குள் வருகிறது.

அந்தச் சட்டம் பெட்டிகளை இரண்டாகப் பிரிக்கிறது. கேபினில் உங்கள் கைவசம் இருக்கும் பெட்டி ஒன்று, கப்பல் ஆட்களிடம் ஒப்படைத்த பெட்டி இன்னொன்று. கேபினுக்குள் இருந்த பெட்டி சேதமானால், கப்பல் மோதியது, தரை தட்டியது போன்ற விபத்து தவிர மற்ற நேரங்களில், கப்பல்காரர் தப்பு என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஒப்படைத்த பெட்டியில் விஷயம் தலைகீழ்: தன் மேல் தப்பில்லை என்று அவர்தான் காட்ட வேண்டும். நீங்கள் கடைசி ராத்திரி வாசலில் வைத்து, ஊழியர் எடுத்துப்போன பெட்டி இரண்டாவது வகை. வாசலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் இவ்வளவு இருக்கிறது.

அந்த ராத்திரி பெட்டிக்கு என்ன நடக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பல ஆயிரம் பேர் பயணம் செய்யும் கப்பல் அது. ராத்திரியோடு ராத்திரியாக ஒவ்வொரு தளத்திலும் பெட்டிகளை அள்ளி, இரும்புக் கம்பிக் கூண்டு வண்டிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விடிந்ததும் டெர்மினலுக்கு இறக்க வேண்டும். அன்று மதியமே அடுத்த கூட்டம் ஏறும், அவர்கள் பெட்டிகளும் வரும். உங்கள் பெட்டி கூண்டின் அடியிலா மேலேயா என்பது அதிர்ஷ்டம். வெளியே துருத்தி நிற்கும் நாலு சக்கர டிராலிதான் முதலில் அடிவாங்கும். பாலிகார்பனேட் ஓடு மூலையில் அழுத்தம் பட்டால் விரியும். உள்ளே கண்ணாடி பாட்டில் வேறு.

சரி, பணத்துக்கு வருவோம். ஒப்படைத்த பெட்டிக்கு இழப்பீட்டு உச்சவரம்பு ஒருவருக்கு 3,375 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது ஐ.எம்.எஃப். என்ற சர்வதேச நாணய நிதியம் வைத்திருக்கும் ஒரு கணக்கு நாணயம். மதிப்பு ஏறி இறங்கும், கணக்குக்கு 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நாலு லட்சத்துக்கு மேல் வருகிறது. இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் சந்தோஷப்படுகிறார்கள். அதே சட்டத்தில் கீழே இன்னொரு வரி இருக்கிறது: ஒரு பயணியின் சாமான் சேதத்தில் 149 எஸ்டிஆர் வரை பயணியே ஏற்க வேண்டும் என்று கப்பல் கம்பெனி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். அதாவது முதல் 17,880 ரூபாய் உங்கள் தலையில்.

இப்போது உங்கள் கணக்கு. மூன்று வருஷம் உழைத்த பெட்டிக்குத் தேய்மானம் போக 4,000 தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புடவைக்கு, கட்டிப் பழகியது என்று சொல்லி 15,000. மொத்தம் 19,000. அதில் 17,880 கழித்தால் கைக்கு வருவது 1,120 ரூபாய். ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலில் போட்டுப் புடவைக்குப் பக்கத்தில் வைத்தது யார் என்று அவர்கள் கேட்டால் அதுவும் இல்லை; பயணியின் கவனக்குறைவுக்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைக்க அந்தச் சட்டமே இடம் தருகிறது. கப்பல் சாப்பாடு சப்பென்று இருக்கும் என்று ஆவக்காய் எடுத்துப் போனதை நான் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் எடுத்துப் போயிருப்பேன். பிளாஸ்டிக் டப்பாவில்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சேதத்தை, பெட்டியைத் திரும்ப வாங்கும்போதே எழுத்தில் சொல்ல வேண்டும். தெரியாத சேதத்துக்குத்தான் 15 நாள். விரிசலும் சக்கரமும் டெர்மினலிலேயே தெரிந்துவிட்டன. அங்கே சொல்லாமல் வந்துவிட்டால், பெட்டி நல்லபடியாகக் கைக்கு வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது இனி உங்கள் வேலை. அதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி, பேரன் டெர்மினல் வாசலில் எடுத்ததாக நீங்கள் எனக்கு அனுப்பிய குரூப் போட்டோ. உங்கள் கணவர் கைக்குப் பக்கத்தில் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது, சக்கரம் இருந்த இடம் ஓட்டையாகத் தெரிகிறது. எடுத்த நேரமும் போனில் பதிவாகியிருக்கும். அந்தப் போட்டோவை வாட்ஸ்அப்பில் வந்த நகலாக அனுப்பாமல், பேரன் போனில் இருக்கும் மூலத்தையே அனுப்பச் சொல்லுங்கள்.

புடவை விஷயத்தில் அந்தப் போட்டோ உதவாது. பாட்டில் கப்பலில் உடைந்ததா, பார்சிலோனாவிலிருந்து வந்த விமானத்தில் உடைந்ததா? விமானத்தில் என்று கப்பல்காரர் சொல்வார். ஏற்கெனவே விரிந்த பெட்டியைத்தான் கொடுத்தீர்கள் என்று விமான கம்பெனி சொல்லும். தவிர, விமானத்தில் சேதமான பெட்டிக்கு 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். அந்தக் கதவு மூடியாயிற்று.

அதனால் மகள் அனுப்பிய மெயிலோடு நிறுத்துங்கள். சட்டப்படி வழக்குப் போட இரண்டு வருஷம் இருக்கிறது, இந்தத் தொகைக்கு அது வேண்டாம். ஆனால் மெயில் வீண் இல்லை. வாடிக்கையாளரை இழக்க வேண்டாம் என்று பெட்டிக்கு ஒரு சிறு தொகையோ, அடுத்த பயணத்துக்குச் சலுகையோ கொடுப்பது உண்டு. வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். டெர்மினலில் இருக்கும்போதே கவுன்டரில் பெட்டியைக் காட்டியிருந்தால் வாய்ப்பு இன்னும் கூடுதல். அடுத்த முறை விமானத்துக்கு ஒரு மணி நேரம் தாராளமாக விடுங்கள். இறங்கும் நாளில் காலை விமானம் போடவே போடாதீர்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுத்தது நியாயம்தான். நீங்கள் எடுத்தது ஷெங்கன் விசாவுக்காக, அதற்கு வேண்டிய 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, இருப்பதில் மலிவானது. இந்தியாவில் விற்கும் பயண பாலிசிகளில் பெரும்பாலானவை ஒப்படைத்த பெட்டி முழுசாகத் தொலைந்தால்தான் பணம் தரும். உடைந்தது, கிழிந்தது, பாதி காணாமல் போனது எதற்கும் கிடையாது. தொலைந்தாலும், ஒரு பொருளுக்கு மொத்தத் தொகையில் 10 சதவீதம் என்பதுபோல உள்வரம்பு இருக்கும், நகைக்குக் கவரே இருக்காது. குறைதீர்ப்பாளரிடம் போகலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. ஆனால் பாலிசியிலேயே இல்லாத ஒன்றை அவர் எப்படி வாங்கித் தருவார்?

இனி டிசம்பர். ஏஜென்ட் கொடுத்த நோட்டீஸை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தீர்கள், நன்றி. தொலைந்தால் பெட்டிக்கு 15,000, உடைந்தால் ரிப்பேர் செலவு 3,000 வரை. ஏழு பேருக்கு 10,150 ரூபாய். நீங்கள் ஏழு பேரும் சேர்ந்து கொண்டுபோவது நாலு பெட்டி. நாலில் மூன்று உடைந்து, மூன்றுக்கும் முழுத் தொகை வந்தாலும் 9,000தான். ஒன்று தொலைந்தால் ஒழிய, நாலும் உடைந்தால்தான் போட்ட காசு திரும்பும். வேண்டாம் அம்மா.

பொதுவாகவே, தாங்கிக்கொள்ளக்கூடிய நஷ்டத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. பெட்டி உடைந்தால் மனசு கஷ்டப்படும், குடும்பம் ஆட்டம் காணாது. ஆட்டம் காண வைப்பது வேறு. என் வாடிக்கையாளர் ஒருவர் நீச்சல்குளத் தளத்தில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கப்பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே, கட்டு, ஊசி எல்லாம் அவருடைய அறைக் கணக்கில் ஏறி, இறங்கும்போது பில் லட்சத்தைத் தாண்டியிருந்தது. அவரிடம் பெட்டிக்குக் கவர் இருந்தது! இங்கே எடுத்த சாதாரண ஹெல்த் பாலிசி வெளிநாட்டுக் கடலில் உதவாது. உங்கள் கணவருக்கு ஸ்டென்ட் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்குச் சர்க்கரை. அந்த 10,150 ரூபாயை இங்கே போடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கும் கவர் உண்டா, கப்பல் பயணம் சேருமா, நடுக்கடலிலிருந்து கரைக்குக் கொண்டுவரும் செலவு சேருமா என்ற மூன்று கேள்வியையும் மெயிலில் கேட்டு, மெயிலிலேயே பதில் வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் ‘எல்லாம் இருக்கு மேடம்’ என்று சொல்வது செல்லாது. ஸ்டென்ட்டை மறைக்காமல் எழுதுங்கள்.

அப்புறம், திருச்சியிலிருந்து கப்பல் கிளம்பும் அன்றைக்கே சிங்கப்பூர் போய் இறங்கும்படி டிக்கெட் போட்டிருக்கிறார் ஏஜென்ட். விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது, கட்டிய பணமும் பெரும்பாலும் திரும்பாது. முதல் நாளே போய் ஒரு ராத்திரி தங்குங்கள். ஏழு பேருக்கு அறை வாடகை வலிக்கும், தெரியும். ஆனாலும் தங்குங்கள்.

ஐரோப்பாவில் கிடைத்த சட்டப் பிடிமானம் சிங்கப்பூர் பயணத்திலும் அப்படியே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். அங்கே டிக்கெட்டோடு வரும் ஒப்பந்தம்தான் முதலில் பேசும். சில கம்பெனிகள் சாமானுக்குத் தங்கள் பொறுப்பு 50 டாலர், 100 டாலர் என்ற அளவிலேயே முடிந்துவிடும் என்று எழுதி வைத்திருக்கின்றன. ஏஜென்டிடம் அந்த ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கி, சாமான் பற்றிய பத்தியை மட்டுமாவது படியுங்கள். நகை, பணம், மருந்து, பாஸ்போர்ட் நாலும் கைப்பையில் இருக்கட்டும். ஏதென்ஸ் ஒப்பந்தமே நகைக்கும் பணத்துக்கும் பொறுப்பேற்பதில்லை, பாதுகாப்புக்காகக் கப்பலிடம் ஒப்படைத்திருந்தால் தவிர. கேபின் லாக்கரில் நீங்களே வைத்துப் பூட்டுவது வேறு, கவுன்டரில் கொடுத்து ரசீது வாங்குவது வேறு. திருமணத்துக்கா போகிறோம், அட்டிகை எல்லாம் திருச்சி லாக்கரிலேயே இருக்கட்டும். கடைசி ராத்திரி பெட்டியை வாசலில் வைக்கும் முன் நாலு பக்கமும், சக்கரமும் தெரிய போட்டோ எடுங்கள். கைப்பெட்டி அளவில்தான் இருக்கிறது என்றால் வாசலில் வைக்காமல் நீங்களே உருட்டிக்கொண்டு இறங்கிவிடுங்கள், பல கப்பல்களில் அதற்கு அனுமதி உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்று: வெளிநாட்டு டூர் பேக்கேஜ் என்று ஏஜென்ட் டிசிஎஸ், அதாவது பணம் வாங்கும்போதே வசூலித்து வரித் துறைக்குக் கட்டும் வரி, பிடித்திருப்பார். ரசீதில் பாருங்கள். ஏழு பேருக்கும் பணம் உங்கள் கணக்கிலிருந்தே போயிருந்தால், உங்கள் பான் எண்ணில்தான் அது ஏறும். வருமான வரித் துறை இணையதளத்தில் உங்கள் கணக்கில் வந்திருக்கிறதா என்று பார்த்து, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மீதியைத் திரும்பப் பெறலாம். பென்ஷனுக்கு வரி வராது என்று கணக்கே தாக்கல் செய்யாமல் விட்டால் அது அப்படியே போய்விடும். உடைந்த பெட்டியைவிடப் பெரிய தொகை அது.

பெட்டியைத் தூக்கிப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கப்பல் கம்பெனியிடமிருந்து பதில் வரும்வரை அதையும் புடவையையும் அப்படியே வைத்திருங்கள், பார்க்கக் கேட்டாலும் கேட்பார்கள். பதில் வந்ததும் புடவையைப் பெட்ரோல் வாஷுக்குக் கொடுங்கள். சக்கரம் மாற்ற அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள், இல்லையென்றால் பை தைக்கும் கடையில் செய்து தருவார்கள். மூலை விரிசல் போகாது. டிசம்பருக்கு அந்தப் பெட்டியையே எடுத்துப் போங்கள், இனி அதில் உடைய என்ன இருக்கிறது?