கேள்வி - பதில்: பண்பாடுகளை எந்தக் கோலால் அளப்பது?

கேள்வி: ஒவ்வொரு பண்பாட்டையும் அதன் சொந்த விழுமியங்களைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்று மானிடவியல் கூறுகிறது. அப்படியானால் எந்தக் கொடுமையையும் வெளியே நிற்பவர் கொடுமை என்று சொல்லக் கூடாதா?

பதில்: இந்தக் கொள்கை எதை எதிர்த்துப் பிறந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் அறிஞர்கள் பலர் மனித சமூகங்களைக் காட்டுநிலை, அநாகரிகம், நாகரிகம் என்று படிக்கட்டாக அடுக்கி, உச்சிப்படியில் தங்களை அமர்த்திக்கொண்டார்கள். 1883இல் கனடாவின் வடக்கே ஆர்க்டிக் பகுதியிலுள்ள பாஃபின் தீவுக்குச் சென்று அங்கு வாழும் இனுயிட் பழங்குடி மக்களோடு குளிர்காலத்தைக் கழித்தவர், பின்னாளில் மானிடவியலின் முன்னோடியாக விளங்கிய ஃபிரான்ஸ் போவாஸ். அவர், நம்முடைய ‘நல்ல சமூகம்’ இவர்களைவிட எதில் உயர்ந்தது என்று தம் குறிப்பேட்டில் கேட்டுக்கொண்டார். அந்தக் கேள்வியின் நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒரு வழக்கம் அதைக் கைக்கொள்பவர்களுக்கு என்ன பொருள் தருகிறது என்று அறியும்வரை தீர்ப்பை நிறுத்திவைப்பது ஆய்வாளரின் கடமை.

ஆனால் நிறுத்திவைப்பது வேறு, கைவிடுவது வேறு. ஒரு செயலின் காரணத்தைப் புரிந்துகொண்டதாலேயே அது சரியாகிவிடாது. மேலும், ‘எல்லாரும் எல்லாப் பண்பாடுகளையும் மதிக்க வேண்டும்’ என்பதே ஒரு பொது அளவுகோல்தான். அதைச் சொல்பவர் தாம் மறுத்த இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறார். இதைவிட முக்கியமாக நான் கருதுவது ஒன்று உண்டு. ‘எங்கள் பண்பாடு இப்படித்தான்’ என்று நம்மிடம் வந்து சொல்பவர் பெரும்பாலும் அந்தப் பண்பாட்டில் பேசும் அதிகாரம் பெற்றவராகவே இருக்கிறார். அந்த வழக்கத்தின் சுமையைத் தாங்குபவரும் அதே பண்பாட்டைச் சேர்ந்தவர்தான். அவருடைய முனகலைக் கணக்கில் கொள்ளாமல் பண்பாட்டை மதிப்பதாகச் சொன்னால், நாம் மதிப்பது அங்குள்ள வலியவர்களை மட்டுமே.

கேள்வி: 1948இன் மனித உரிமைப் பிரகடனம் மேற்கத்திய விழுமியங்களை உலகத்தின் மேல் சுமத்தியதுதானே?

பதில்: அந்த ஐயத்தை மானிடவியலாளர்களே அப்போது எழுப்பினார்கள். 1947இல் அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் பெயரால் மானிடவியலாளர் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் வரைந்த அறிக்கை, பண்பாடுகளைத் தரம் பிரித்து மதிப்பிடும் வழி எதுவும் கண்டறியப்படவில்லை என்று வாதிட்டு, பிரகடனத்தை வரைந்துகொண்டிருந்த ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையத்துக்கு அனுப்பப்பட்டது. எல்லாவற்றையும் சகித்துக்கொள்வதா, சகிப்பின்மையை எதிர்ப்பதா, இரண்டையும் ஒருங்கே சொல்ல முடியாதே என்று மற்றொரு மானிடவியலாளரான ஜூலியன் ஸ்டீவர்ட் மறு ஆண்டே அதை மறுத்தார். அந்தச் சங்கமே 1999இல் மனித உரிமைகளை ஆதரித்து வேறொரு பிரகடனத்தை வெளியிட்டது.

1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகளின் பொது அவையில் மனித உரிமைப் பிரகடனத்தை 48 நாடுகள் ஆதரித்தன, எதிர்ப்பு இல்லை, 8 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. காலனி ஆட்சியின்கீழ் இருந்த பல மக்களுக்கு அந்த அவையில் இருக்கையே இல்லை என்பது உண்மை. அந்தக் குறையை மறைக்கக் கூடாது. ஆனாலும் பிரகடனத்தின் முதல் பிரிவின் வாசகத்தைப் பாருங்கள். வரைவில் ‘ஆல் மென்’ என்று இருந்தது. அந்த ஆங்கிலச் சொல் மனிதர் அனைவரையும் குறிக்கும், ஆண்களை மட்டும் குறிப்பதாகவும் கொள்ளலாம். அது பெண்களை விலக்கிவிடும் என்று இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா வலியுறுத்தினார். முடிவில் ‘மனிதப் பிறவிகள் அனைவரும்’ என்று பொருள்படும் தொடர் இடம்பெற்றது. மேற்கு எழுதியதை மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்ற கதையில் இந்தத் திருத்தத்துக்கு இடமில்லை. பொதுவானது என்று முன்வைக்கப்பட்ட ஒன்று உண்மையில் பொதுவானதாக இல்லை என்று மேற்குலகுக்கு வெளியிலிருந்து வந்த ஒருவர் சுட்டிக்காட்டியதால்தான் அது கூடுதலாகப் பொதுவானது.

கேள்வி: அப்படியானால் மரபை மதிப்பதற்கும் கொடுமையைக் கண்டிப்பதற்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது?

பதில்: அமர்த்திய சென் காட்டும் ஓர் எடுத்துக்காட்டு இதற்கு எனக்குப் பெரிதும் உதவுகிறது. நோன்பிருப்பவரின் வயிறும் பட்டினி கிடப்பவரின் வயிறும் ஒரே மாதிரிதான் காய்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. நோன்பிருப்பவர் விரும்பினால் உண்ணலாம். மற்றவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஒரு வழக்கத்தைப் பற்றி முடிவு செய்யுமுன், அதை மேற்கொள்பவர் ‘வேண்டாம்’ என்று அச்சமின்றிச் சொல்ல முடியுமா என்று அவரிடமே, மற்றவர் இல்லாத தனிமையில், கேட்க வேண்டும்.