டப்ளினில் 29 டிகிரி: மதுரை வெயில் பார்த்தவருக்கும் ஏன் தாங்கவில்லை?

கேள்வி: நாங்கள் மதுரைப் பக்கம். டப்ளினுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. நாலாவது மாடி, அதுதான் கடைசி மாடி. ஹாலும் படுக்கையறையும் மேற்குப் பார்த்தவை. ஐந்து மாதக் கைக்குழந்தை இருக்கிறது. உதவிக்கு ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். 68 வயது, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். நாலு நாளாக வெளியே 28, 29 டிகிரி. நாங்கள் பார்க்காத வெயிலா என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கும் படுக்கையறை 30 டிகிரியில் நிற்கிறது. குழந்தை தூங்குவதே இல்லை. குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா? போர்ட்டபிள் ஏ.சி. வாங்கலாமா? ஞாயிற்றுக்கிழமை எங்காவது தண்ணீரில் இறங்கிக் குளிக்கலாம் என்கிறார் கணவர். போகலாமா?

பதில்: குழந்தையிலிருந்து தொடங்குகிறேன். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை என்றால், எவ்வளவு வெயில் அடித்தாலும் ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர் வேண்டாம். இந்த வெக்கையில் குழந்தை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கேட்கும். கேட்கும்போதெல்லாம் கொடுங்கள், தண்ணீரை நீங்கள் நிறையக் குடியுங்கள். "நாக்கு வறண்டு போகுமே, ஒரு சங்கு தண்ணீர் ஊட்டினால் என்ன?" என்று அம்மா கேட்கலாம். அந்தச் சின்ன வயிற்றில் தண்ணீர் நிரம்பினால் பாலுக்கு இடமிருக்காது. அளவு மீறினால் ரத்தத்தில் உப்பின் அளவும் இறங்கிவிடும் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். புட்டிப்பால் கொடுக்கிறீர்கள் என்றால், வழக்கமான பாலோடு, காய்ச்சி ஆறிய தண்ணீரை இடையிடையே கொஞ்சம் கொடுக்கலாம். பால்பவுடரை நீர்க்கக் கரைப்பது மட்டும் கூடவே கூடாது. டயப்பர் வழக்கத்தைவிடக் குறைவாக நனைந்தாலோ, குழந்தை துவண்டு பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே ஜி.பி.யை, அதாவது உங்கள் குடும்ப மருத்துவரை, கூப்பிடுங்கள்.

தூங்கும்போது டயப்பரும் மெல்லிய பருத்தி பனியனும் போதும். கையும் காலும் சில்லென்று இருக்கிறதே என்று போர்த்தாதீர்கள். நெஞ்சையோ பிடரியையோ தொட்டுப் பாருங்கள், அங்கே சூடாகவோ வியர்வையாகவோ இருந்தால் துணியைக் குறைக்க வேண்டும். குழந்தை தூங்கும் அறை 16 முதல் 20 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பது அயர்லாந்தின் பொதுச் சுகாதாரத் துறையான எச்.எஸ்.இ. சொல்லும் அளவு. இந்த வாரம் உங்கள் வீட்டில் அது நடக்காது. அதனால் எந்த அறை குறைந்த சூடோ அந்த அறைக்குத் தொட்டிலை மாற்றுங்கள், ஹாலாக இருந்தாலும் சரி. மல்லாக்கப் படுக்க வைத்து, சமமான கெட்டி மெத்தையில்தான் தூங்கட்டும். தூளி இப்போது வேண்டாம். துணி நாலாபுறமும் சுற்றிக்கொண்டால் காற்றே படாது. தள்ளுவண்டியில் வெளியே போகும்போது வெயிலுக்காக மேலே துணி போடும் பழக்கமும் ஆபத்தானது. மெல்லிய மஸ்லின் துணி போட்டாலும் உள்ளே காற்று அடைபட்டுச் சூடு ஏறும்.

இனி வீட்டுக்கு வருகிறேன். என் தொழிலே கட்டடங்களின் சூட்டையும் குளிரையும் அளப்பதுதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்களை வாட்டுவது வெளியே உள்ள 29 டிகிரி அல்ல, உங்கள் கண்ணாடி.

மதுரையில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் வருகிறது. அதனால் கூரைதான் காய்கிறது. ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேடு வைத்தாலே பெரும்பகுதி வெயில் தடுக்கப்படும். டப்ளின் 53 டிகிரி வடக்கே இருக்கிறது. ஜூன் மாத நடுப்பகலிலும் இங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 60 டிகிரி உயரத்தைத்தான் தொடும். பிறகு சாய்வாகவே நகர்ந்து, இரவு பத்து மணியை ஒட்டித்தான் மறையும். ஜூலையில் மாலை ஆறு மணிக்கும் அது 30 டிகிரி உயரத்தில் நின்று மேற்குக் கண்ணாடியை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கும். எந்த சன்ஷேடும் அதைத் தடுக்காது. மூன்று சதுர மீட்டர் கண்ணாடி என்றால், அந்த நேரத்தில் ஏறத்தாழ 1000 வாட் ஹீட்டர் ஒன்றை ஹாலில் ஓடவிட்ட கணக்கு.

உள்ளே வந்த சூடு வெளியேறவும் வழியில்லை. குளிர்காலத்துக்காக, சூடு ஒரு பொட்டும் கசியாமல் கட்டிய வீடு இது. காபி ஃபிளாஸ்க் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய அபார்ட்மென்ட்களில் இது இன்னும் இறுக்கம்.

2022 ஜூலை 18 அன்று டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் 33.0 டிகிரி பதிவானது. 1887 ஜூன் 26 அன்று கில்கென்னி கோட்டையில் பதிவான 33.3 டிகிரிக்கு அடுத்து இந்த நாடு கண்ட பெரிய வெயில் அதுதான். அன்று மாலை தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அனல் உள்ளே வந்துவிடும் என்று எல்லா ஜன்னலையும் சாத்தியிருந்தார். திரைச்சீலையை மட்டும் விலக்கி வைத்திருந்தார், வெளிச்சத்துக்காக. தரையில் கதவு அகலத்துக்கு ஒரு வெயில் பட்டை விழுந்திருந்தது. அதன்மேல் செருப்பில்லாமல் நடந்தபோது உள்ளங்கால் சுட்டது. இரண்டு எட்டு தள்ளி நிழலில் அதே தரை இதமாக இருந்தது. இரவு எட்டு மணிக்கு அந்த அறை வெளியைவிட ஆறு டிகிரி அதிகமாக இருந்தது. வெயில் தாழ்ந்த பிறகும் அவர் ஜன்னலைத் திறக்கவில்லை. உங்கள் வீட்டிலும் அநேகமாக இதுதான் நடக்கிறது.

இந்த நாட்டில் ஒரு வரம் உண்டு. வெப்ப அலையின்போதும் பெரும்பாலான இரவுகளில் வெளியே 12 முதல் 16 டிகிரிக்கு இறங்கிவிடும். இரவு முழுக்க 20 டிகிரிக்குக் கீழே போகாத நாள் இங்கே அபூர்வம். 2021 ஜூலையில் கெர்ரி மாவட்டத்தின் வேலன்ஷியாவில் அப்படி நடந்தபோது அது செய்தியானது. சென்னையில் மே மாத இரவில் ஜன்னலைத் திறந்தால் வெக்கைதான் வரும். இங்கே விடியற்காலைக் காற்று இலவச ஏ.சி. அதை உள்ளே வாங்கி, பகலில் பூட்டி வைக்க வேண்டும்.

ஆகவே காலை எட்டு, ஒன்பது மணிக்கு, வெளிக்காற்று சூடாகத் தொடங்கும்போது ஜன்னல்களைச் சாத்துங்கள். மேற்கு ஜன்னலில் வெயில் விழுவதற்கு முன்பே, மதியம் ஒரு மணிக்கே, திரையை இறக்கிவிடுங்கள். வெளிர் நிறம் அல்லது வெள்ளை முதுகு உள்ள பிளைண்ட் நல்லது. அடர்நிறத் துணி வெயிலைக் குடித்துவிட்டு அறைக்குள்ளேயே உமிழும். அதைவிடப் பலமடங்கு நல்லது, கண்ணாடிக்கு வெளியே நிழல். பால்கனி இருந்தால் தோட்டக்குடை ஒன்றைச் சாய்த்து, கண்ணாடியில் வெயில் படாதபடி கட்டி வையுங்கள். காற்று பலமாக அடித்தால் மடக்கிவிடுங்கள். வெள்ளை வேட்டியைப் பால்கனிக்கு உள்பக்கமாகக் கட்டித் தொங்கவிட்டாலும் வேலை செய்யும். சில குடியிருப்புகளில் பால்கனியில் துணி தொங்கவிட நிர்வாகம் அனுமதிக்காது, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியில் உள்பக்கம் ஒட்டும் கறுப்பு ஃபிலிம் வாங்க வேண்டாம். இரட்டைக் கண்ணாடியில் சூடு ஏற்றத்தாழ்வாகப் பரவி விரிசல் விட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

மாலையில் வெளியே உள்ள சூடு உள்ளே உள்ளதைவிட எப்போது குறைகிறது என்று பார்த்து, அந்த நிமிடமே எல்லாவற்றையும் திறங்கள். உங்கள் வீடு ஒரே பக்கம் பார்த்தது என்பதால் காற்று குறுக்கே ஓடாது. மேசை ஃபேனை ஜன்னலருகே வெளியே பார்த்து வையுங்கள். அது சூட்டை வெளியே தள்ளும், இன்னொரு ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று வரும். காற்றோட்டத்துக்காக வீட்டின் நுழைவாயில் கதவுக்கு முட்டுக் கொடுத்துத் திறந்து வைக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அது தீத்தடுப்புக் கதவு, தானாகச் சாத்திக்கொள்ள வேண்டியது. நாலாவது மாடி ஜன்னலுக்கு அருகில் கட்டிலோ நாற்காலியோ இருக்கக் கூடாது என்பதையும் இப்போதிருந்தே பழகுங்கள். தவழத் தொடங்க அதிக நாள் ஆகாது.

வீட்டுக்குள்ளேயே சூடு எங்கே பிறக்கிறது என்று ஒரு சுற்று பாருங்கள். சுடுநீர்த் தொட்டி இருக்கும் ஹாட் பிரஸ்ஸைத் திறந்து முகத்தை நீட்டுங்கள், உங்களுக்கே புரியும். குளிர்காலத்தில் துண்டு காய வைக்க அருமையான அலமாரி. இப்போது அது வீட்டுக்கு நடுவில் எரியும் அடுப்பு. தொட்டித் தண்ணீரைச் சுடவைக்கும் மின்சார ஹீட்டரான இமர்ஷனைக் குளிக்கும் நேரத்துக்கு மட்டும் போட்டு அணையுங்கள். தொட்டியில்லாமல் கட்டடத்தின் பொதுக் கொதிகலனிலிருந்து சுடுநீர் வருகிறது என்றால், கட்டடத்துக்குள் நடைவழியில் ஓடும் குழாய்களின் சூட்டைப் பற்றி நிர்வாகத்துக்கு எழுதுங்கள். கூரையோரம் காற்றோட்ட இயந்திரம் இருந்தால் அதை அணைக்காதீர்கள். வெளியேறும் காற்றின் சூட்டைத் திருப்பி உள்ளே சேர்க்கும் வேலையைக் கோடையில் தவிர்க்கும் அமைப்பு அதில் இருக்கும், அது இயங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குக்கர், இட்லிப்பானை வேலையெல்லாம் காலை எட்டு மணிக்குள் முடியட்டும். துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு இந்த வாரம் விடுமுறை.

அம்மாவைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். ஊர் வெயிலைப் பார்த்தவர் என்ற தைரியத்தில் அவர் தண்ணீர் கேட்க மாட்டார். வயதாக ஆகத் தாகமும் மந்தமாகும். அயர்லாந்து என்றாலே குளிர் என்று ஸ்வெட்டரையும் கழற்றாமல் இருக்கிறாரா, பாருங்கள். அவருடைய மாத்திரைகளில் சிறுநீரை அதிகம் பிரிக்கும் 'நீர் மாத்திரை' இருந்தால் உடம்பு இன்னும் சீக்கிரம் வறளும். அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. மாத்திரைச் சீட்டோடு மருந்துக்கடைக்குப் போய் மருந்தாளரிடம் காட்டுங்கள், வேண்டுமானால் அவர் ஜி.பி.யிடம் அனுப்புவார். மணிக்கு ஒரு டம்ளர் கையில் கொடுங்கள். சோடா பிரெட் செய்ய இந்த ஊர்க் கடைகளில் விற்கும் பட்டர்மில்க் நம் மோர்தான், கொஞ்சம் கெட்டி. இரண்டு பங்கு தண்ணீர் விட்டு, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டுக் கொடுங்கள். பி.பி. இருப்பதால் உப்பை அள்ளிப் போட வேண்டாம். கழுத்திலும் முன்கையிலும் ஈரத்துண்டு போட்டு ஃபேன் காற்றில் உட்கார வைப்பது மிக நல்லது. 35 டிகிரிக்கு மேல் போனால் ஃபேன் அனலைத்தான் வீசும் என்பார்கள். அயர்லாந்தில் வெளியே அந்த அளவு சூடு இதுவரை பதிவானதில்லை. ஜன்னலைச் சாத்திய அறையில் ஈரப்போர்வை தொங்கவிடுவது மட்டும் வேண்டாம், புழுக்கம்தான் மிஞ்சும்.

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு என்றால் நிழலில் படுக்க வைத்து, உடம்பை நனைத்து, தண்ணீர் கொடுங்கள். அரைமணி நேரத்தில் தேறாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, இடமும் நேரமும் குழம்பினாலோ அது வெப்பத்தாக்கு. 112 அல்லது 999ஐ அழையுங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே இருங்கள்.

உங்களுக்கே ஏன் தாங்கவில்லை என்றால், வெயிலுக்குப் பழக உடம்புக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். அந்தப் பழக்கம் விட்டுப்போகச் சில வாரமே போதும். உங்களுக்கு ஆறு வருடம் ஆகிவிட்டது. இங்கே ஒரே இடத்தில் தொடர்ந்து ஐந்து நாள் 25 டிகிரியைத் தாண்டினாலே வெப்ப அலை என்று வானிலை நிலையமான மெட் ஏரன் கணக்கிடுகிறது. உடம்பு பழகுவதற்குள் வெயில் போய்விடும், அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து. 1900 முதலான பதிவுகளில் 2025தான் அயர்லாந்தின் மிகச் சூடான கோடை என்பதால், அடுத்த முறை வெகுதூரத்தில் இல்லை.

கடலுக்குப் போகலாம், உயிர்காப்பாளர் நிற்கும் கடற்கரையாக இருந்தால் மட்டும். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில், இடுப்பளவு ஆழத்தைத் தாண்டாமல். உங்கள் கணவர் கிணற்றில் குதித்துப் பழகியவராக இருக்கலாம். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். மேலே 29 டிகிரி அடிக்கும்போதும் இந்தக் கடல் 14, 15 டிகிரியில்தான் இருக்கும். சூடேறிய உடம்போடு அதில் குதித்தால் தன்னை அறியாமல் மூச்சை உள்ளிழுப்பார்கள். தலை தண்ணீருக்குள் இருந்தால் அந்த ஒரு மூச்சே போதும், நீச்சல் உதவாது. காலை நனைத்து, முகத்தை நனைத்து, மெல்ல இறங்குங்கள். தடுமாறினால் நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்து, மூச்சு சீராகக் காத்திருக்க வேண்டும். தண்ணீர் நிற்கும் கல்குவாரி, ஆறு, ஏரி பக்கம் போகவே வேண்டாம். கரையில் நின்று பார்ப்பவர் ஆபத்தைக் கண்டால் 112ஐ அழைத்துக் கடலோரக் காவல் படையைக் கேட்க வேண்டும்.

போர்ட்டபிள் ஏ.சி. இந்த வாரம் வேண்டாம் என்பேன். ஒற்றைக் குழாய் உள்ள வகை, அறைக்காற்றை உறிஞ்சி வெளியே துப்புகிறது; அந்தக் காலியிடத்தை நிரப்ப வெளி அனல் எல்லா இடுக்கிலும் நுழையும். இங்குள்ள ஜன்னல்கள் சாய்ந்தோ வெளிப்பக்கமாகவோ திறப்பவை, குழாயைச் சுற்றி அடைப்பதே பெரும்பாடு. ஊரில் போல ஸ்பிளிட் ஏ.சி. மாட்ட வீட்டு உரிமையாளரும் குடியிருப்பு நிர்வாகமும் சம்மதிக்க வேண்டும். அந்தப் பணத்தில் நல்ல ஃபேன் இரண்டும், பால்கனி நிழலும், சாதாரண வெப்பமானி இரண்டும் வாங்குங்கள். ஒன்று படுக்கையறையில், இன்னொன்று பால்கனி நிழலில். மாலை ஏழு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இரண்டையும் பார்த்து மூன்று நாள் குறித்து வையுங்கள். காலை ஆறு மணிக்குப் படுக்கையறை 24க்குக் கீழே இறங்கியிருந்தால் ஏ.சி. தேவையே இல்லை. இறங்கவில்லை என்றால் அந்த எண்களோடு மறுபடி எழுதுங்கள், ஜன்னல் எப்படித் திறக்கிறது என்பதையும் சேர்த்து.