திருத்தும் வேலை யாருடையது?

கேள்வி: ஆன்லைன் பி.காமில் கணக்குப்பதிவியல் நடத்துகிறேன். 120 மாணவர்கள். கணக்கை டேலி பண்ணிவிடுகிறார்கள். இன்டர்வியூவில் வாய் திறப்பதில்லை, ஒரு மெயில் எழுத வரவில்லை. 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' வகுப்பு தனியாக வைக்கலாமா? நேரமும் இல்லை. அசைன்மென்ட் திருத்துவதையே, பி.காம் கடைசி வருஷம் படிக்கும் என் மகள்தான் பார்த்துக்கொள்கிறாள்.
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: தனி வகுப்பெல்லாம் வேண்டாம். கடைசி வரியில் போகிறபோக்கில் மகளைப் பற்றிச் சொன்னீர்களே, அதற்கு வருகிறேன். சம்பளம் உங்களுக்கு, வேலை அவளுக்கா? பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணின் ராத்திரியைப் பிடுங்கப் பெற்றவருக்கும் உரிமை கிடையாது. ஃபீஸ் கட்டிய 120 பேருக்கும் இது துரோகம்.

ஆனால் ஒன்று. ஒவ்வொரு தாளிலும் எங்கே பிசகியது, ஏன் பிசகியது என்று தேடித் தேடி, உங்கள் பாடத்தை உருப்படியாகப் படித்தது அவள் ஒருத்திதான். அந்த வேலையை மாணவர்களிடம் கொடுங்கள்.

வங்கிச் சரிக்கட்டும் பட்டியலையே எடுத்துக்கொள்வோம்: நம் கேஷ் புக் இருப்பும் பேங்க் காட்டும் இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டுவது. கேஷ் புக் இருப்பு ரூ.48,500. கொடுத்த செக் 12,000 இன்னும் பேங்குக்கு வரவில்லை. போட்ட செக் 7,500 வசூலாகவில்லை. பேங்க் சார்ஜ் ஜி.எஸ்.டி.யோடு 236 பதியவில்லை. கூடவே, 5,400க்குக் கொடுத்துப் பாஸான செக்கை கேஷ் புக்கில் 4,500 என்று மாற்றி எழுதிவையுங்கள். பாஸ்புக்கில் 51,864 நிற்கும். பாடப்புத்தகம் காரணங்களை வரிசைபோட்டுக் கொடுத்துவிடும். பிள்ளைகள் கூட்டிக் கழிப்பதோடு முடித்துக்கொள்வார்கள். நீங்கள் கேஷ் புக்கில் ஒரு பக்கமும் ஸ்டேட்மென்டில் ஒரு பக்கமும் மட்டும் கொடுங்கள். கடைசியில் 900 இடிக்கும். 9ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறதே, இலக்கம் இடம் மாறியிருக்குமோ (மாறினால் வித்தியாசம் எப்போதும் 9ஆல் வகுபடும்) என்று அப்போதுதான் சந்தேகம் வரும். ரோல் நம்பரின் கடைசி மூன்று இலக்கத்தை நூறால் பெருக்கி, இரண்டு பக்கத்தின் ஆரம்ப இருப்பிலும் கூட்டச் சொல்லுங்கள். ஒருவர் விடையை இன்னொருவர் அப்படியே எடுத்தெழுத முடியாது.

பட்டியலோடு அரைப் பக்கக் கடிதம் ஒன்று: பணம் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கடை முதலாளிக்கு, பற்று, வரவு என்ற சொற்களே இல்லாமல். மெயில் எழுத வராதவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. அதையே இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்பட்டும்.

பிறகு ஆளுக்கு இரண்டு தாள், பெயரை மறைத்து. ஒன்று சக மாணவருடையது. மற்றது நீங்களே வேண்டுமென்று தப்பாகப் போட்டது. இல்லாவிட்டால் எல்லாரும் 'சூப்பர்' என்று எழுதிப் பத்துக்குப் பத்து போட்டுவிடுவார்கள். திருத்துகிறவருக்கு மார்க் போடுங்கள்: எந்த வரி தப்பு, என்ன காரணம், எழுதியவரிடம் கேட்க ஒரு கேள்வி. தப்பான தாளில் இந்த மூன்றும் இல்லையா, பூஜ்யம்.

நீங்கள் வாரத்துக்கு 30 கடிதம் படியுங்கள். கடிதத்துக்கு மூன்று நிமிடம் என்றால் ஒன்றரை மணி நேரம். நாலு வாரத்தில் 120 பேரும் உங்கள் கண்ணில் பட்டுவிடுவார்கள். இதற்கும் நேரமில்லை என்று எனக்கு இன்னொரு கடிதம் போடாதீர்கள்.

மகளிடம் இன்றோடு தாள்களை வாங்கிவிடுங்கள். வாங்குமுன், பிள்ளைகள் எந்தெந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்று அவளிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.