‘சொன்னாலும் அவருக்குப் புரியாது’

கேள்வி: மெக்கானிக்கல் என்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீடு குலசேகரம் பக்கம். நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்கு 4 வார இன்டர்ன்ஷிப் போகிறேன். 8 நாள் ஆகிவிட்டது. போல்ட் எண்ணுவது, ஸ்டாக் ரெஜிஸ்டர் எழுதுவது, லேத்துக்கு அடியில் கூட்டுவது, இவ்வளவுதான் வேலை. மெஷினைத் தொட விடவில்லை. அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். வெட்டு முடிந்ததும் வந்து என்னைப் பைக்கில் கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிடுவார். என்ன வேலை என்று தினமும் கேட்பார். சொன்னாலும் அவருக்குப் புரியாது என்பதால் ‘ட்ரெய்னிங்’ என்று முடித்துவிடுவேன். ஓரிடத்தில் 2,500 ரூபாய் கொடுத்தால் போகாமலே சர்டிபிகேட் தருகிறார்கள். நண்பர்கள் இருவர் வாங்கிவிட்டார்கள். நானும் வாங்கினால் கேம்பஸ் இன்டர்வியூவில் மாட்டுவேனா?

பதில்: மாட்டாமலும் போகலாம் தம்பி. எல்லாக் கம்பெனியும் எல்லாச் சர்டிபிகேட்டுக்கும் போன் போட்டு விசாரிப்பதில்லை. லீவு விட்டால் இதே கேள்வி எனக்கு வரிசையாக வரும். பயம் காட்டி எழுதி எழுதி அலுத்துவிட்டது. மாட்டுகிற கதையை விடு.

‘சொன்னாலும் அவருக்குப் புரியாது’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, யாருக்குப் புரியாது?

நானும் ரப்பர்க்காட்டுப் பக்கத்தில் வளர்ந்தவள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் இருட்டிலேயே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். 300, 400 மரம். பட்டையை இழைக்கிற ஆழத்தில் ஒரு நூல் கூடினால் கத்தி பட்டைக்கு உள்ளே இருக்கிற தடியில் பட்டுவிடும். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே வெட்ட முடியாது. ஆழம் குறைந்தால் சிரட்டையில் பால் விழாது. புதிதாகக் கத்தி பிடிக்கிறவனை இளமரத்துக்குப் பக்கத்திலேயே விடமாட்டார்கள். முறிக்கப்போகிற கிழமரத்தில்தான் கை பழக வேண்டும். அதற்கு முன்னால் சிரட்டை கழுவவும் காய்ந்து ஒட்டிய ஒட்டுபால் பொறுக்கவும் விடுவார்கள். அந்த மனிதருக்கா இன்டர்ன்ஷிப் என்றால் புரியாது?

வெட்டு முடிந்து, பால் எடுக்கப் போவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கிடைக்கும். சாயா குடித்து முதுகை நிமிர்த்துகிற நேரம் அது. அந்த நேரத்தில்தான் உன் அப்பா பைக்கை எடுக்கிறார். அவர் கேட்பது ஒரே ஒரு கேள்வி. அதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி வாயடைக்கிறாய். பெற்றவர் கேட்டால் உட்கார வைத்துப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிற பழைய ஆள் நான். உனக்குப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை.

என் சந்தேகத்தைச் சொல்லட்டுமா? அவருக்குப் புரியாது என்பதில்லை, உனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்டர்வியூவிலும் இதையேதான் கேட்பார்கள்: ‘அங்கே என்ன செய்தாய்?’ அங்கேயும் ‘ட்ரெய்னிங்’ என்பாயா?

லேத்துக்கு அடியில் கூட்டினேன் என்கிறாயே, கூட்டியதைப் பார்த்தாயா? மைல்டு ஸ்டீல் நீளநீளச் சுருளாக விழும். வார்ப்பிரும்பு பொடிப்பொடியாக உதிரும். சுருளில் நீலம் ஏறியிருந்தால் அங்கே நல்ல சூடு பிறந்திருக்கிறது; வேகமா, டூலின் முனை மழுங்கியதா, சூட்டைத் தணிக்க ஊற்றுகிற கூலன்ட் போதவில்லையா என்று லேத்காரரிடம் கேட்கலாம். ஸ்டாக் ரெஜிஸ்டரை நாலு மாதம் பின்னால் புரட்டு. எந்த டூல் அடிக்கடி தீர்கிறது, எந்தப் பொருள் வாங்கிப்போட்டும் அசையாமல் கிடக்கிறது என்று அதிலேயே இருக்கும். காலேஜ் லேபில் உனக்கு இதை யார் காட்டுவார்கள்? அங்கே வெட்டுகிற உருப்படியை வாங்க ஆள் கிடையாது, தப்பாகிப்போனால் மறுபடி ஒரு துண்டு இரும்பு தருவார்கள். பட்டறையில் தப்பாகிப்போனால் முதலாளிக்கு நஷ்டம், சொன்ன தேதிக்குப் போகாத சரக்கு, தலைகுனிந்து நிற்கிற ஃபோர்மேன். எட்டு நாள் வந்த பையனை மெஷினில் கைவைக்க விடாததற்குக் காரணம் அதுதான். உன் விரல் வேறு இருக்கிறது.

அந்தப் பட்டறைக்காரர்களையும் நான் முழுக்க விடமாட்டேன். சம்பளமில்லாத கூட்டுகிற ஆளாகப் பையன்களை வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் உனக்கு இன்னும் 16 நாள். ஃபோர்மேனிடம் போய், ‘அண்ணே, கூட்டிவிட்டு ஒரு மணி நேரம் உங்கள் பக்கத்தில் நின்று பார்க்கட்டுமா? வெர்னியர் வைத்து அளக்கிற வேலையாவது தாருங்கள்’ என்று வாயைத் திறந்து கேள். ஒரு வாரம் கேட்டும் முகம் கொடுக்காவிட்டால் காலேஜில் இன்டர்ன்ஷிப்பைப் பார்க்கிற ஆசிரியரிடம் சொல்லி இடம் மாற்று. அது கௌரவமான வழி.

2,500 ரூபாயை யாரிடம் வாங்கப்போகிறாய் என்று எழுதவில்லை. காலேஜ் ஃபீஸ் என்று பொய் சொல்லித்தான் வாங்குவாய், இல்லையா? மழை பிடித்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. அந்த வீட்டில் கைவைக்காதே.

ஒரு நோட்டு வாங்கி அன்றன்று பார்த்ததை எழுது. ராத்திரி அப்பா சாப்பிட்டு உட்கார்ந்ததும் ஒரு இரும்புச் சுருளை அவர் கையில் கொடுத்து, இது ஏன் நீலமாக இருக்கிறது என்று சொல். நடுவில் அவர் ஏதாவது கேட்பார், கத்தி தீட்டுகிற மனிதர், கேட்காமல் இருக்கமாட்டார். பதில் தெரியாவிட்டால் மறுநாள் காலையில் ஃபோர்மேனிடம் கேட்டுக்கொண்டு வா.